கழற்றிப் பார்ப்போம்: சேசிஸ் எண் சொல்வதும் சொல்லாததும்

சென்ற இதழில், பழைய கார் வாங்க நினைப்பவர் வண்டியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் சேசிஸ் எண்ணை, அதாவது அந்த வண்டிக்கென்று ஆலை கொடுத்த தனி எண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பொள்ளாச்சி வரை இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பழைய கார் நிற்காத தோட்டத்துச் சாளையே கொங்கு நாட்டில் இல்லையோ என்று எண்ணும்படி வந்து குவிந்திருக்கின்றன. ஆகையால் மோட்டார் பம்பு, கறவை இயந்திரம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை சேசிஸ் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வால்பாறைத் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரிடமிருந்து என் தாத்தா வாங்கிய மோரிஸ் மைனர் கார் எங்கள் சாளையில் நிற்கிறது. பானெட்டைத் திறந்தால் தகட்டில் ஓர் எண், இன்ஜினில் வேறோர் எண், பாடியில் இன்னோர் எண் இருக்கின்றன. வாங்க வந்தவர், "நம்பர் எதுவும் ஒத்துப்போகவில்லை, இது ஒட்டுப்போட்ட வண்டி" என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். அவர் சொல்வது உண்மையா? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உங்கள் வண்டி ஒட்டுப்போட்டதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனால் மூன்று எண்கள் வெவ்வேறாக இருப்பது அதற்குச் சான்று ஆகாது. மூன்றும் ஒரே எண்ணாக இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

திருப்பூரில் ஒரு பனியன் எப்படி உருவாகிறது என்று எண்ணிப் பாருங்கள். நூல் வரும்போது அதற்கு ஒரு லாட் எண் உண்டு; துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும்போது வேறு எண் ஒட்டிக்கொண்டு வரும்; கட்டிங் மேசையில் பண்டலுக்கு ஓர் எண், ஏற்றுமதிக்குக் கட்டும் அட்டைப்பெட்டிக்கு ஓர் எண் என்று அது நீண்டுகொண்டே போகும். இவை ஒத்துப்போகவில்லை என்று எந்த வியாபாரியும் சரக்கைத் திருப்பி அனுப்புவதில்லை. காரும் அப்படித்தான். இன்ஜின் பிரிவு தான் முடித்த இன்ஜின்களைத் தன் வரிசையில் எண்ணியது; பாடி செய்தவர்கள் தங்கள் வரிசையில் எண்ணினார்கள்; இரண்டும் வந்து சேர்ந்த இறுதிக் கோர்ப்பு ஆலைதான் முழு வண்டிக்கான எண்ணைக் கொடுத்தது. அந்த மூன்றாவது எண்ணையே நாம் சேசிஸ் எண் என்கிறோம்.

அந்த எண் எப்போது கொடுக்கப்பட்டது என்பதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். வண்டி முழுதாக முடிந்து வாசலைத் தாண்டும்போது யாரோ ஒருவர் சுத்தியலோடு நின்று அடித்த எண் என்று நினைக்கிறார்கள். பொதுவாக நடந்தது அதற்கு நேர் எதிர். திட்ட அலுவலகத்தில் வேலைச்சீட்டு எழுதப்படும்போதே எண்ணும் ஒதுக்கப்பட்டுவிடும். எந்தப் பாடி, எந்த நிறம், ஸ்டீயரிங் வலமா இடமா, உள்நாட்டுக்கா வெளிநாட்டுக்கா என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். வண்டி கோர்க்கப்படும் லைனில் அந்தச் சீட்டும் கூடவே நகரும். எண்ணைத் தகட்டிலோ இரும்பிலோ பதித்துவிட்டு, எந்த இன்ஜின், எந்தப் பாடி அதில் ஏறியது என்பதைப் பேரேட்டில் எழுதிவைப்பார்கள். இடையில் ஒரு வண்டிக்குப் பெயிண்டில் குறை வந்து ஒதுக்கி நிறுத்தப்பட்டால், அதற்குப் பின் எண் பெற்ற வண்டிகள் முந்திக்கொண்டு வெளியேறிவிடும். மோரிஸின் கூட்டாளியான எம்.ஜி. நிறுவனத்தின் அபிங்டன் ஆலையில் தானாக ஓடும் லைனே கிடையாது. வண்டிகளை ஆட்கள் கையால் தள்ளித்தான் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர்த்தினார்கள். அங்கே எண் வரிசையும் முடிந்த வரிசையும் அணுப்பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

இனி உங்கள் தகட்டைப் படிப்போம். மோரிஸ் மைனர் 1948இல் ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலி ஆலையில் பிறந்தது. தொடக்க கால வண்டிகளில் எண்ணுக்கு முன் எஸ்.எம்.எம். என்று இருக்கும், எம்.எம். வரிசை என்பது அதன் பொருள். 1952இல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்து பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனமான பிறகு, மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்ட குறியீடு வந்தது. 1950களின் இறுதி வரை அதுவே நடப்பில் இருந்தது. முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாம் எழுத்து பாடி வகையைச் சொல்லும்: ஏ என்றால் நான்கு கதவு, பி என்றால் இரண்டு கதவு. மூன்றாம் எழுத்து நிறம். அங்கே ஏ என்றால் கறுப்பு. அடுத்து வரும் இலக்கம் வண்டி எந்தச் சந்தைக்கு என்பதைக் குறிக்கும்: 1 பிரிட்டனுக்குள் விற்கும் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டி, 2 ஏற்றுமதிக்கான வலப்பக்க வண்டி, 3 இடப்பக்க வண்டி. கடைசி இலக்கம் பெயிண்டின் வகை. ஆக, உங்கள் தகட்டில் எஃப், பி, ஏ என்ற எழுத்துகளுக்குப் பின் 2 வந்தால், இரண்டு கதவு கொண்ட கறுப்பு மைனர் ஒன்று வலப்பக்க ஸ்டீயரிங்கோடு ஏற்றுமதிக்கென்றே சீட்டு எழுதப்பட்டது என்று பொருள். இன்று வண்டி வெள்ளையாக நின்றால், யாரோ பிற்பாடு நிறம் மாற்றியிருக்கிறார்கள் என்பதும் அந்த ஓர் எழுத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இதில் என்னை எப்போதும் கவர்வது 5 என்ற இலக்கம். பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிய வலப்பக்க வண்டிக்கு அந்த இலக்கம். அந்த வண்டி கௌலியில் ஒரு நாள்கூட வண்டியாக நின்றதில்லை. ஆனாலும் பெட்டிக்குள் இருந்த உதிரிகளின் கும்பலுக்கு முறைப்படி சேசிஸ் எண் உண்டு. எண் என்பது பிறப்புச் சான்று அல்ல, பற்றுச்சீட்டு என்று நான் அடிக்கடி சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. மைனரின் இந்திய வடிவத்தை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமும் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. உங்களுடையது அதுவாக இருந்தால், மேலே சொன்ன கௌலி அட்டவணையை வைத்துக்கொண்டு அதன் எண்ணைப் படிக்கக் கூடாது.

உறுதி வேண்டுமானால் ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், பி.எம்.சி. வழிவந்த கார்களின் பழைய பேரேடுகளைப் பாதுகாத்துவைத்து, கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் வழங்குகிறது. சேசிஸ் எண்ணை அனுப்பினால், பேரேடு எஞ்சியிருக்கும் ஆண்டுகளுக்கு, அந்த எண்ணோடு பூட்டிய இன்ஜின் எண், நிறம், ஆலையை விட்டு வெளியேறிய நாள் போன்றவை கிடைக்கும். அதிலுள்ள இன்ஜின் எண்ணும் உங்கள் இன்ஜினில் உள்ளதும் ஒன்றானால், விலையை ஏற்றிச் சொல்வது உங்கள் முறை. வாங்க வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது பேச்சே அல்ல, வண்டியில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பதே பேச்சு.

கேள்வி: எந்தப் பழைய காரின் வரலாற்றைப் படித்தாலும் முதல் வண்டியின் எண் 1 ஆக இருப்பதில்லை. முதல் பிள்ளைக்கு ஒன்று என்று எண் கொடுப்பதில் என்ன வெட்கம்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு)

பதில்: வெட்கம் அல்ல ஐயா, கணக்கு வசதி, சில இடங்களில் கொஞ்சம் குறும்பும் உண்டு. எம்.ஜி. ஆலையின் தொலைபேசி எண் அபிங்டன் 251. அதனால் அவர்கள் தங்கள் கார் வகைகளின் எண்ணை 251இல் தொடங்கும் பழக்கம் வைத்திருந்தார்கள். போர் முடிந்து 1945இல் வந்த புகழ்பெற்ற டி.சி. காரின் முதல் எண் 0251. நான்கு ஆண்டுகளில் அது பத்தாயிரத்தைத் தாண்டி 10251 வரை போயிற்று. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு வியாபாரி தன் கடை எண்ணிலிருந்தே மூட்டைகளை எண்ணத் தொடங்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

மோரிஸ் மைனருக்கு முதல் எண் 501. அந்த முதல் வண்டி இன்றும் மியூசியத்தில் இருக்கிறது. ஜாகுவார் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1961இல் வந்த இ-டைப் காரில், திறந்த பாடியும் வலப்பக்க ஸ்டீயரிங்கும் உள்ளவை 850001 முதல், மூடிய பாடியும் வலப்பக்க ஸ்டீயரிங்கும் உள்ளவை 860001 முதல், திறந்த இடப்பக்க வண்டிகள் 875001 முதல், மூடிய இடப்பக்க வண்டிகள் 885001 முதல் என்று நான்கு தனி வரிசைகள். ஜெனிவா கண்காட்சியின்போது உலகமே கண்ட இரண்டு இ-டைப் கார்களின் எண்கள் 885002, 850003. கழித்துப் பார்த்தால் 34,999 வருகிறது; இடையில் முப்பத்தைந்தாயிரம் கார்கள் செய்துவிட்டார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எண்ணைப் பார்த்தவுடனே ஸ்டோர் குமாஸ்தாவுக்கு எந்தப் பக்கத்து ஸ்டீயரிங் பாகத்தை எடுத்துத் தர வேண்டும் என்று தெரிய வேண்டும் என்பதே இதன் பயன். அமெரிக்காவின் ஷெவர்லே நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் கோர்ப்பு ஆலைகள் இருந்ததால், 1950களில் ஒவ்வோர் ஆலையும் தன் வரிசையை 001001இல் தொடங்கி, இரண்டு ஊர்களில் ஒரே எண் வந்துவிடாமல் இருக்க ஆலைக்குரிய எழுத்தை முன்னால் சேர்த்துக்கொண்டது.

வாடிக்கையாளருக்கு முதல் வண்டி தன் தலையில் விழுந்துவிட்டது என்ற எண்ணம் வராமல் இருப்பதற்காகவும் இப்படிச் செய்திருக்கலாம் என்பது என் சொந்த ஊகம். காசோலைப் புத்தகத்தின் முதல் தாளை யாருக்கும் எழுதிக் கொடுக்கத் தயங்குபவர்கள் நம் ஊரிலும் உண்டு.

கேள்வி: எங்கள் ஊரில் லாரிக்குப் பாடி கட்டுகிறோம். எங்களுக்குச் சேசிஸ் என்றால் கண்ணுக்குத் தெரியும் பொருள். அம்பாஸடரில் அப்படி ஒன்றும் இல்லையே, அதற்கு எப்படிச் சேசிஸ் எண்? (பட்டறை உரிமையாளர், நாமக்கல்)

பதில்: கண்ணாடியும் கூரையும் இல்லாத வெறும் சேசிஸில், பலகை மேல் உட்கார்ந்து, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெயிலில் ஓட்டிவரும் ஓட்டுநரைச் சேலம் சாலையில் பார்க்காதவர் உங்கள் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். கார்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் விற்கப்பட்டன. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் இன்ஜின் பூட்டிய சேசிஸை மட்டுமே செய்து விற்றது. வாங்கியவர் அதை ஹூப்பர், பார்க்கர் போன்ற பாடி கட்டும் நிறுவனங்களுக்கு அனுப்பித் தம் விருப்பப்படி கட்டிக்கொண்டார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு பேருந்து ஓட்டத் தொடங்கிய 1920இல் உலகின் பெரிய கார்களுக்கெல்லாம் இதுவே வழக்கம். பாடி மாறும், உரிமையாளர் மாறுவார், மாறாத பொருள் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் ஒன்றுதான். ஆகவே எண் அதில் குத்தப்பட்டது. பெயரும் அதையே ஒட்டிக்கொண்டது.

பிறகு 1922இல் லான்சியா லாம்ப்டாவும், 1934இல் சிட்ரோயன் டிராக்சன் அவாந்தும் தனி அடிச்சட்டத்தை நீக்கிவிட்டு, பாடியே பாரத்தைத் தாங்கும்படி அமைந்தன. அம்பாஸடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டும் அந்த வழியில் வந்ததே. அடிச்சட்டம் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. எள்ளின் நெய்தான் எண்ணெய். ஆனால் காங்கேயத்தில் தேங்காயை ஆட்டி எடுப்பதையும் நாம் எண்ணெய் என்றுதானே சொல்கிறோம்? அதைப்போன்றதுதான் இதுவும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நாம் அறிந்த காரின் மூலமான பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டில், உங்களுக்குப் பிடித்த மாதிரி தனி அடிச்சட்டமே உண்டு. ஆனால் வண்டியின் எண்ணை அந்த அடிச்சட்டத்தில் குத்தவில்லை. 'கமிஷன் எண்' என்ற பெயரில் தகட்டில் பொறித்து ரிவெட் அடித்துவிட்டார்கள். சேசிஸ் இல்லாத வண்டிக்குச் சேசிஸ் எண். சேசிஸ் உள்ள வண்டிக்கு அதில் எண் இல்லை.

கேள்வி: ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் விலைக்கு வந்திருக்கிறது. சேசிஸ் எண் 116 என்று தொடங்குகிறது. விற்பவர் 1966 மாடல் என்கிறார். பழைய தாள் ஒன்றில் 1965இல் ஆலையிலிருந்து வந்ததாக உள்ளது. யார் பொய் சொல்கிறார்கள்? (பனியன் நிறுவனத்தில் பணிபுரிபவர், திருப்பூர்)

பதில்: யாரும் இல்லை. 1964 ஆகஸ்டிலிருந்து பீட்டிலுக்கு ஒன்பது இலக்க எண் வந்தது. முதல் இரண்டு இலக்கம் வகை; 11 என்றால் சாதாரண பீட்டில். மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டின் கடைசி இலக்கம். ஆனால் அவர்களுடைய மாடல் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, முந்தைய ஆகஸ்டிலேயே பிறந்துவிடும். எனவே 1965 ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையே செய்த வண்டி 1966 மாடல்தான். தீபாவளிக்கு விற்கும் துணியை நீங்கள் ஆடியிலேயே தைத்து முடிப்பதில்லையா? பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். நடுவே ஓடும் மேட்டில் அதே எண் குத்தப்பட்டிருக்க வேண்டும். தாளில் உள்ளதை நம்பாமல் அங்கே உள்ளதை நம்புங்கள்.

இதே குழப்பம் ஃபோர்டு மாடல் டி காரில் வேறு வடிவில் வரும். அந்தக் காரில் ஏறக்குறைய கடைசிக் காலம் வரை அடிச்சட்டத்தில் எண்ணே கிடையாது. இன்ஜின் பிளாக்கில் குத்திய எண்தான் காரின் எண். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் லைன் வந்து, ஒரு சேசிஸைக் கோர்க்கும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடத்துக்கு இறங்கிய பிறகும் அதுவே முறை. இன்ஜின்கள் ஓரிடத்தில் எண் பெற்று, ரயிலேறி, வெவ்வேறு ஊர்களிலிருந்த கிளை ஆலைகளுக்குப் போய்க் காராயின. ஆகவே எண்ணை வைத்துச் சொல்லும் தேதி இன்ஜினின் தேதி. கார் அதற்குப் பல நாள் கழித்தும் உருவாகியிருக்கலாம். இன்ஜின் பழுதாகி வேறு இன்ஜின் மாற்றிய அன்று, சட்டப்படி அந்தக் காரே வேறு காராகிவிட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: சேசிஸ் எண்ணில் ராசியான எண், ராசியில்லாத எண் பார்ப்பது நம் நாட்டில் மட்டும்தானா? (கல்லூரி மாணவி, பெருந்துறை)

பதில்: இல்லை. ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி வரிசைகளில் 13 என்ற எண்ணைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஃபெராரி நெடுங்காலம் சாலைக்கான கார்களுக்கு ஒற்றைப்படை எண்ணும் பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுத்தது. அது ராசிக்காக அல்ல, பிரித்தறியும் வசதிக்காக. 8 வராத பதிவெண்ணுக்காகக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இதில் ஆறுதல் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சியே.

கேள்வி: ஐம்பது ஆண்டைத் தாண்டிய காரைப் பதிவு செய்யத் தனி விதி வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்கும் சேசிஸ் எண்ணுக்கும் தொடர்பு உண்டா? (விவசாயி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: உண்டு. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதியின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'வின்டேஜ்' வண்டிகளாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். பதிவெண்ணில் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். வண்டி பிறந்த வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதே முக்கிய நிபந்தனை. அந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். எண்ணெய் மில்லுக்கு எள் மூட்டை ஏற்றிப் போக வேண்டும் என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு வேண்டாம். புதிய கார்களில் இருக்கும் பதினேழு எழுத்து எண்ணைப் பழைய காரில் தேட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலேயே அது 1981 மாடலிலிருந்துதான் கட்டாயமானது; ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பாமல் இருக்க ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் அதில் வருவதில்லை.

கேள்வி: அப்பாவின் பழைய காரைச் சீர்செய்யக் கொடுத்திருக்கிறேன். சேசிஸ் எண் உள்ள இடம் துருவேறிப் பாதி எண் தெரியவில்லை. டிங்கர், "ஏனுங்க இதுக்குப் போயி யோசிக்கிறீங்க, அஞ்சு நிமிசத்துல இழைச்சுப்போட்டுப் புதுசா அடிச்சுப்போடலாமுங்க" என்கிறார். சம்மதிக்கலாமா? (ஒரு வாசகர், சிங்காநல்லூர், கோவை)

பதில்: கூடவே கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தொழில் சுறுசுறுப்பில் சொல்கிறார். ஆனால் கிரைண்டர் பட்ட அந்த நொடியில் உங்கள் கார் திருட்டுக் காரின் சாயலைப் பெற்றுவிடும். ஆலையில் அடித்த எண்ணுக்கு ஒரு முகம் உண்டு. ஒவ்வோர் ஆலைக்கும் எண்ணை இரும்பில் குத்தும் சொந்தமான பஞ்ச் தொகுப்பு இருந்தது. 4இன் கால் நீளம், 7இன் வளைவு, எழுத்துக்கு எழுத்து உள்ள இடைவெளி எல்லாம் அந்த ஆலையின் கையெழுத்து. ஃபோர்டு மாடல் ஏ காரில் எண்ணின் முன்னும் பின்னும் நட்சத்திரம் இருக்கும். பிற்பாடு யாரும் ஓர் இலக்கத்தைக் கூட்டிவிடாமல் இருப்பதற்கான வேலி அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் நடுவிலிருந்து தன் தகடுகளை ஆறு இதழ் கொண்ட பூப்போன்ற ரிவெட்டால் அடித்ததும் அதே காரணத்துக்காகவே. கோவைக் கடைவீதியில் வாங்கிய பஞ்ச் அந்த முகத்தைத் தராது.

இழைத்தால் பழைய எண் அழிந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. பஞ்ச் இரும்பில் இறங்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு நிற்பதில்லை. அதற்கு அடியிலுள்ள இரும்பையும் நசுக்கி இறுக்கிவிடுகிறது. மேற்பரப்பை இழைத்த பிறகும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். தடய அறிவியல் ஆய்வாளர் அந்த இடத்தை மெருகேற்றி அமிலக் கலவையைத் தடவும்போது, நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுவதால், பழைய எண் மங்கலாக மேலே எழுந்து வரும். மிக ஆழமாக இழைத்துவிட்டால் மட்டுமே அது கைகொடுக்காது. அப்படி ஒரு சோதனைக்கு உங்கள் அப்பாவின் கார் போக வேண்டிய தேவை என்ன?

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். இளவயதில் ஒரு பட்டறையில் என் காரைப் பெயிண்டுக்குக் கொடுத்தேன். வேலை அருமை, கண்ணாடி போல் வழவழப்பு. தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்தினால், பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே, "நம்பர் எங்கே?" என்று கேட்டார். குண்டும் குழியுமாக இருந்த இடம் என்று நினைத்து, பெயிண்டர் எண்ணின் மீதே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கோட் அடித்து முடித்திருந்தார். அன்று முழுவதும் தின்னரில் நனைத்த துணியோடு அந்த மூன்று அங்குல இடத்தை நானே சுரண்டினேன். முதலில் 3 தெரிந்தது; அது 8 என்று மாலையில்தான் புரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கம்பித் தூரிகை வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் ஓரிரவு வைத்து, காலையில் பல் துலக்கும் பழைய பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். காய்ந்த பின் வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்து, மேலாகத் துடைத்துவிட்டால், பள்ளத்தில் மட்டும் வெண்மை தங்கும். டார்ச்சை நேரே அடிக்காமல், இரும்பை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பாதி என்று நினைத்தது முக்கால் ஆகும்.

அப்படியும் படிக்க முடியவில்லையென்றால், ஆர்.சி. புத்தகத்தையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஆய்வாளர் நேரில் பார்த்து, அனுமதி எழுத்தில் கிடைத்த பிறகுதான் எண் அடிக்கும் பஞ்ச்சை யாரும் தொட வேண்டும். அப்போதும் பழைய எண்ணை இழைக்காமல் அருகில் அடிக்கச் சொல்லுங்கள். மறுபடி அடித்த விவரம் ஆர்.சி.யில் ஏறியதா என்று பார்த்த பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.

அதற்கு முன், இன்றைக்கே ஒரு வேலை. மெல்லிய வெள்ளைத் தாளை எண்ணின் மீது செல்லோடேப்பால் ஒட்டி, மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் துருவின் புள்ளிகளும் எண்ணோடு சேர்ந்து ஏறிவிடும். மூன்று பிரதி எடுத்து, தேதி எழுதி, ஒன்றை ஆர்.சி.யோடு வைத்துவிட்டு, இன்னொன்றை டிங்கரிடம் கொடுத்து, இந்த இடத்தில் கைவைக்கக் கூடாது என்று பட்டறைச் சுவரிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.